உதடு நனைக்கும் நேரம்

இரண்டாவது கரண்டிப் பாலும் பாக்கியராசாவின் கடைவாயால் வழிந்து தலையணைக்கு இறங்கியது. சிவமலர் அதைத் துடைத்துவிட்டு மூன்றாவது கரண்டியை நீட்டினாள். கணவரின் உதடுகள் இறுகப் பூட்டியிருந்தன.

"அம்மா, விடுங்கோ. அப்பாவாலை விழுங்க ஏலாது," என்றாள் மகள் நிலோஜினி.

"விழுங்கத் தேவையில்லை. நாக்கிலை பட்டாப் போதும்."

போகிற உயிருக்குப் பெண்சாதி கையால் பால் பருக்க வேண்டும். அதைக்கூடச் செய்யவில்லை என்று நாலுபேர் கதைக்கக் கூடாது என்பது ஒரு பக்கம். காய்ந்த நாக்கோடு இந்த மனுசன் போய்விடக் கூடாது என்பதுதான் அவளுடைய மெய்யான பதைப்பு. சுவிஸின் கூர் நகர ஆஸ்பத்திரியில், இந்த மேல்மாடிக்கு அவரைக் கொண்டுவந்த நாள் முதல் கதிரையிலேயே நித்திரை. முதுகு விட்டுப்போயிருந்தது. அழுவதற்கும் அலுப்பாக இருந்தது.

நேர்ஸ் வந்து, நுனியில் பஞ்சு வைத்த குச்சி ஒன்றைக் காட்டினாள். அவருக்குப் பிடித்த எதிலாவது தோய்த்து உதட்டை நனைக்கலாமாம். கோப்பி, பழச்சாறு, பியர், எதுவென்றாலும் பரவாயில்லையாம். அவருக்கு என்ன விருப்பம் என்று கேட்டாள். நிலோஜினி தாயைப் பார்த்தாள். சிவமலர் யன்னலைப் பார்த்தாள்.

என்ன விருப்பம் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். 2009 வைகாசியில், வன்னிச் சண்டையில் தன் தமையன் குடும்பம் முழுதாக அழிந்த செய்தி வந்த பிறகு, பாக்கியராசா குடித்த குடி கொஞ்சநஞ்சமல்ல. ஹோட்டல் குசினி வேலையும் போனது. கடைசியில் திரிம்பாக் அம்மன் சந்நிதியில், மனைவியின் தலையில் கைவைத்து, இனி ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். அம்மனுக்கும் பகிடிவிட ஆசை வந்ததோ என்னவோ, அடுத்துக் கிடைத்த வேலை வைனுக்குத் திராட்சை வளர்க்கிற ஒரு தோட்டத்தில்.

மாரியில் கொடி வெட்டுவார், கோடையில் இலை கிள்ளுவார். குருவி பழத்தைக் கொத்தாமல் வலை கட்டி, புரட்டாதியில் பழம் வெட்டி, பிறகு பீப்பாய் கழுவுவார். வசந்தத்தில் புது வைன் திறக்கிற நாளில் ஊரே கையில் கிளாசோடு திரிய, இவர் அப்பிள் ஜூசைக் குடித்துக்கொண்டு அந்தக் கிளாசுகளைக் கழுவுவார். அப்படியிருந்தும் பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் சிவமலர் கதவடியில் மறித்து அவர் வாயை மணந்து பார்ப்பாள். அவரும் சப்பாத்தைக் கழற்றாமலே குனிந்து, வாயைத் திறந்து காட்டுவார். அவர் ஒருநாளும் பிடிபடவில்லை. அவளும் ஒருநாளும் விடவில்லை.

மத்தியானம் கடந்து தோட்டத்துச் சொந்தக்காரி உர்சினா வந்தாள். நாளைக்கு மழை என்று எல்லோரும் விழுந்தடித்துப் பழம் வெட்டிக்கொண்டிருக்க, இவள் சேற்றுச் சப்பாத்தோடு ஓடி வந்திருந்தாள். நகமெல்லாம் பழச்சாற்றின் கறுநீலம். பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தாள். உள்ளே கலங்கல் சிவப்பாக ஏதோ நுரைத்துக்கொண்டிருந்தது.

"சவுசராம் அம்மா. இப்பதான் புளிக்கத் தொடங்கின புது வைன்," என்றாள் நிலோஜினி, குரலைத் தணித்து. "அப்பா வலை கட்டின பழத்திலை வந்ததாம். முதல் வாய் அவருக்குத்தானாம்."

"சாகக் கிடக்கிற மனுசனுக்குக் குடியோ? கொண்டுபோகச் சொல்லு."

நிலோஜினி அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. உர்சினா போத்தலை மேசையில் வைத்துவிட்டு, பாக்கியராசாவின் பாதத்தைப் போர்வையோடு சேர்த்து ஒருதரம் பிடித்தாள். போகும்போது மகளிடம் ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"வருசா வருசம் கேக்கிறவவாம், ஒரு சொட்டு ருசி பாருங்கோ எண்டு. அப்பா சிரிச்சுப்போட்டு, நான் மனுசிக்கு வாக்குக் குடுத்தனான் எண்டு சொல்லுவாராம்."

சிவமலர் போத்தலைக் கிட்ட இழுத்தாள். அத்தனை பின்னேரமும் இந்த மனுசன் தன் முன்னால் குனிந்து நின்றாரே. ஒரே ஒரு நாளாவது மணக்காமல் உள்ளே விட்டிருக்கலாம். அவள் குச்சியை எடுத்தாள், போத்தலுக்குள் தோய்த்தாள், உதட்டருகே கொண்டுபோனாள்.

வாசம் எட்டியதும் உதடுகள் இன்னும் இறுகின. முகம் மெல்ல அங்கால் திரும்பியது.

"வேண்டாமாம் அம்மா," என்றாள் நிலோஜினி.

சிவமலர் அவர் காதடியில் குனிந்தாள். "இஞ்சருங்கோ. நான்தான். நான்தான் தாறன். சத்தியம் முடிஞ்சுது. அம்மனிட்டை நான் சொல்லிக்கொள்ளுறன். குடியுங்கோ."

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உதடுகள் விலகின. பாக்கியராசா அந்தப் பஞ்சைப் பச்சைப்பிள்ளை மாதிரிச் சூப்பினார். அவள் திரும்பத் தோய்த்தாள். திரும்பவும் சூப்பினார்.

பொழுதுபடுகிற நேரம் மூச்சு நின்றது. நேர்ஸ் கண்களை மூடிவிட்டு ஈரத்துணி கொண்டுவந்தாள். உதட்டிலும் நரைத்த மீசையிலும் சிவப்புக் கறை படிந்திருந்தது.

"அம்மா, சூரிச்சிலையிருந்து சித்தப்பா ஆக்கள் கீழை வந்திட்டினம்," என்றாள் நிலோஜினி கண்ணைத் துடைத்தபடி. "கெதியாத் துடைக்க விடுங்கோ. சாகேக்கையும் குடிச்சவர் எண்டு கதைப்பினம்."

சிவமலர் நேர்ஸின் கையை மெதுவாக விலக்கினாள்.

"இருக்கட்டும்."

அறை இருட்டிக்கொண்டு வந்தது. அவள் எழும்பிப் போய், கட்டில் தலைமாட்டு விளக்கைப் போட்டாள்.