ஒரு மாதிரி

பதிவறைக் கிளார்க் அம்மாளுக்குக் காலையிலிருந்தே மண்டை காய்ந்து போயிருந்தது. மனநல மருத்துவமனையின் பழைய கோப்புகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். நோயின் பெயரைக் கொடுத்தால்தான் அந்தச் சனியன் அடுத்த பக்கத்துக்கு நகரும். ஏழாம் வார்டு நோயாளியான தையற்காரரின் கோப்பிலோ நோய்க்கு மூன்று பெயர்கள்.

அவர் யாருக்கும் முதுகைக் காட்ட மாட்டார். எந்த அறையிலிருந்தும் பின்பக்கமாக நடந்தே வெளியேறுவார். மற்றபடி ஒரு குறையும் கிடையாது. முதலில் பார்த்த டாக்டர் 'கிறுக்கு' என்று எழுதியிருந்தார். அடுத்து வந்தவர் அதை அடித்துவிட்டு 'குணக்கோளாறு' என்றார். மூன்றாமவர் அதையும் அடித்து, அலுத்துப்போய் 'ஒரு மாதிரி' என்று முடித்துக்கொண்டார். பெரிய படிப்புப் படித்தவர்கள் எழுதுகிற லட்சணம்!

கோப்பைத் தூக்கிக்கொண்டு புது டாக்டரிடம் போனாள். அவர் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இதெல்லாம் இப்ப வியாதியே இல்லம்மா. அது அவர் சுபாவம். எதுக்கு இன்னும் வச்சிருக்கீங்க?"

அதைத்தான் வாசலில் தையற்காரரின் அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பியை இன்றைக்காவது கூட்டிப்போய்விட வேண்டும் என்று மாற்றுச்சட்டையோடு வந்திருந்தாள். கிளார்க் அம்மாள் வார்டுப் பேரேடுகளை இறக்கினாள். வருடந்தோறும் பழையதைப் பார்த்துப் புதியதில் அதே வரியை எழுதிவந்திருந்தார்கள்: 'ஒரு மாதிரி ஆய்வகத்துக்கு. முடிவு வந்தபின் வீட்டுக்கு அனுப்பலாம்.'

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் எழுதிய 'ஒரு மாதிரி'யை ரத்தமோ சிறுநீரோ என்று நினைத்து எவனோ பேரேட்டின் சோதனைக் கட்டத்தில் ஏற்றியிருக்கிறான். வராத முடிவுக்காக ஒரு மனிதனைப் பதினெட்டு வருடம் பூட்டி வைத்திருக்கிறார்கள். எந்த மடையன் அது என்று பல்லைக் கடித்தபடி முதல் பேரேட்டைத் திறந்தாள்.

அவளுடைய கையெழுத்துதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அந்த வார்டில்தான் இருந்தாள். ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் வாசலுக்குப் போனாள்.

"தப்பு என்னோடதுங்க. அப்படி ஒரு சோதனையே கிடையாது. இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடலாம்."

அக்கா கத்தவில்லை. அந்தக் குரலை எங்கேயோ கேட்டவள்போல உற்றுப் பார்த்தாள்.

"மாசாமாசம் பதிவறைக்குப் போன் பண்ணுவேன். 'முடிவு இன்னும் வரல, வந்ததும் சொல்றோம்'னு ஒரு அம்மா சொல்வாங்க," என்றாள். "அது நீங்கதானா?"