தட்டுகளை அடுக்கியவன்

1

இந்தக் கதை தொலைக்காட்சியில் சில நொடிகள் வந்துபோன ஒரு காட்சியிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. டொலீடோவில், மௌமீ ஆற்றுப் பாலத்தை ஒட்டிய மதுக்கடையில் உட்கார்ந்திருந்தேன். அன்று டிராஃப்ட். கல்லூரி ஆட்டக்காரர்களைத் தொழில்முறை அணிகள் ஒவ்வொன்றாக முறை வைத்து எடுத்துக்கொள்ளும் நாள். எங்கள் அணியான ஹெரன்ஸின் அறை திரையில் வந்தது. உள்ளே எல்லோரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி, தொலைபேசியை ஒரு காதில் அழுத்தி, மறு காதைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். அவர் பேசவில்லை. எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

எதை என்று நான் யாரையும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் ஒரு செய்தி கிடைத்திருக்கும், கதை போயிருக்கும்.

(கால்பந்து என்று நான் சொல்லும் இடங்களில் உருண்டைப் பந்தை மறந்துவிடுங்கள். இது கூர்முனைப் பந்து. கையால் எறிவார்கள், மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். காலுக்கு வேலை குறைவு. பெயர் ஏன் அப்படி என்று இங்கே யாரும் கேட்பதில்லை.)

2

முதல் தொடக்கம்: வாரன் டுடெக்கின் கைகள் நடுங்கின, ஏனென்றால்

இல்லை. அணியின் பொது மேலாளருக்குக் கை நடுங்குவதை நான் பார்த்ததில்லை. நடுங்கினாலும் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்.

இரண்டாவது தொடக்கம்: ஈரி ஏரியின் மேல் மேகங்கள், தோற்றுப்போன

இதுவும் வேண்டாம். மேகங்களுக்கு இதில் வேலையில்லை.

மூன்றாவது: வாரன் டுடெக் ஏற்கெனவே இரண்டு முறை தவறாகத் தேர்ந்தெடுத்திருந்தார்.

இது நிற்கும். முதல் வருடம் அவர் எடுத்தவன் மின்னலாக ஓடுவான், ஆனால் பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்வான். இரண்டாம் வருடம் எடுத்தவனுக்கு முழங்கால் போய்விட்டது. அவனைச் சொன்னவர் லொரெட்டா பிக்கன்ஸ், ஆள் தேடும் குழுவின் தலைவர். ஆகவே இந்தக் கதையில் லொரெட்டாவை எல்லாம் தெரிந்தவராக எழுத முடியாது. எழுதிப் பார்த்தேன். அவரே ஒத்துக்கொள்ளவில்லை.

அணியின் உரிமையாளர் க்ளைட் ஹார்ட்விக் மார்ச் மாதமே வாரனைக் கூப்பிட்டு நல்ல காப்பி கொடுத்திருந்தார்.

"ஒருதடவ சறுக்கினா துரதிர்ஷ்டம். ரெண்டுதடவன்னா பாவம்னு விட்டேன். மூணாந்தடவையும் அப்படியே ஆச்சுன்னா என்னன்னு சொல்லுவேன், வாரன்?"

"என்ன சார் சொல்லுவீங்க?"

"ஒண்ணும் சொல்லமாட்டேன். உன் இடத்துல வேற ஆள் இருப்பான், அவன்கிட்ட பேசிக்கிட்டிருப்பேன்."

3

வாரன் முட்டாளில்லை. அது இந்தக் கதைக்கு முக்கியம். ஒவ்வொரு கோடையிலும், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் முன்னால் அவர் ஒரு நாணயத்தைச் சுண்டிப் போடுவார்.

"ஒரே இடத்துல ஆடுற ரெண்டு பேர். ஒருத்தன முதல்ல எடுத்தாங்க, இன்னொருத்தன அடுத்து எடுத்தாங்க. யாரு நல்லா வருவான்? நம்ம எல்லாரும் ஒரு வருஷம் உக்காந்து மண்டைய ஒடச்சுக்கிட்டு சொல்றதையும் இந்தக் காசு சொல்றதையும் எடுத்துப் பாருங்க. பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால ஒருத்தன் மேல ஆசைப்பட்டு, ஆளெடுக்குற ரெண்டு வாய்ப்ப இன்னொரு டீமுக்குத் தூக்கிக் குடுக்காதீங்க."

புதியவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். பிறகு எல்லோரும் போய் யார்மீதாவது ஆசைப்படுவார்கள்.

ஆசைக்கு எதிராக அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெயர்ப் பட்டைகளைத் தகுதிப்படி பலகையில் ஒட்டுவார்கள். டிராஃப்டுக்கு ஒரு வாரம் முன்பு "பலகை உறைந்தது" என்று லொரெட்டா அறிவிப்பார். அதற்குப் பிறகு யாரும் ஒரு பட்டையையும் நகர்த்தக்கூடாது. கடைசி வாரத்தில் மனிதர்கள் பார்ப்பது ஆட்டத்தை அல்ல, கனவை என்பது அவர் எண்ணம்.

அந்தக் கடைசி வாரத்தில்தான் வாரன், ட்ரே போலிங்கர் என்ற ஆட்டக்காரனைச் சாப்பிட அழைத்துப்போனார்.

4

ட்ரே மிசிசிப்பிப் பையன். க்வார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து மொத்த ஆட்டத்தையும் நடத்துகிறவன். பலகையில் பதினோராவது இடத்தில் இருந்தான். ஏரி மீனைப் பொரித்துக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லாருக்கு சார். எங்கூர் கெளுத்தி தின்னுட்டு இதத் தின்னா கொஞ்சம் பாவமா இருக்கு."

"யாரு பாவம்?"

"மீனுதான் சார். நல்லா இருக்கணும்னு எவ்வளவோ பாத்திருக்கு."

வாரன் வாய்விட்டுச் சிரித்தார். அதுவரை தவறில்லை. சாப்பிட்டு முடித்ததும் ட்ரே, பேச்சை நிறுத்தாமலே, மேசையிலிருந்த எல்லாத் தட்டுகளையும் இழுத்து, மிச்சத்தை ஒன்றில் வழித்துவிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பணிப்பெண் கைக்கு எட்டும் ஓரத்தில் வைத்தான். அவளைப் பார்க்கக்கூட இல்லை. தன்னை யாராவது பார்க்கிறார்களா என்றும் பார்க்கவில்லை.

அவ்வளவுதான். ஒரு மனிதர் விழுந்த இடம் இது. (இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைக் கண்டுபிடிக்க இரண்டு வரைவுகள் செலவழித்தேன். அவனுக்கு இறந்துபோன தம்பி ஒருவனைக் கொடுத்தேன், பிறகு பிடுங்கிக்கொண்டேன்.)

மறுநாள் பலகையில் ட்ரேயின் பட்டை மூன்றாவது இடத்தில் இருந்தது.

"யாரு நகர்த்தினது?" என்றார் லொரெட்டா.

"நான்தான்."

"கை புதுசா வளந்துச்சா அவனுக்கு?"

"அவன் தட்டு அடுக்கினான், லொரெட்டா. நீ பாக்கல."

"தட்டு அடுக்கினா மீன்கடையில வேலைக்கு எடுத்துக்கட்டும். நமக்கு எதுக்கு?"

"அடுத்தவங்களப் பாக்கத் தெரிஞ்சவன் அவன். அதுதான் அந்த இடத்துக்கு வேணும்."

"சரி, கேட்டுக்க. விசாரிச்சேன். நமக்கு முன்னாடி மத்த டீம்காரங்க சாப்பிடக் கூப்பிட்ட நாலு ஊர்லயும் தட்டு அடுக்கியிருக்கான்."

வாரன் பட்டையை விரலால் இன்னும் அழுத்தி ஒட்டினார்.

"அப்ப அது அவன் பழக்கம்" என்றார்.

"இல்ல, அவனோட ஏஜெண்ட் சொல்லிக்குடுத்த பாடம்."

இருவரும் ஒரே செய்தியைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.*

* இந்த இடத்தில் எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. ட்ரேயின் மனதுக்குள் நுழைந்து பார்த்துவிடலாம். நுழையவில்லை. வாரனால் முடியாததை நான் செய்தால் அது ஆட்டமாகாது.

5

ஹெரன்ஸின் முறை பன்னிரண்டாவது. டிராஃப்ட் நாள் மாலை ஏழாவது முறை வந்தபோது, இன்னொரு அணி ட்ரேயைப் பிடிக்க முந்தைய முறை ஒன்றை வாங்கி மேலே ஏறப்போகிறது என்று ஒரு செய்தி காதில் விழுந்தது. டிராஃப்ட் அன்று அலைகிற செய்திகளில் பாதியை யாரோ வேண்டுமென்றே அலையவிடுகிறார்கள். வாரனே எத்தனையோ முறை விட்டிருக்கிறார்.

அவர் ஏழாவது முறையை, அதை வைத்திருந்த அணியிடம் விலைபேசினார். விலை, தங்கள் பன்னிரண்டாவதும், அடுத்த வருடத்து முதல் வாய்ப்பும்.

"காசு சுண்டுவியே, அது எங்க?" என்று லொரெட்டா மெதுவாகக் கேட்டார்.

"பையிலதான் இருக்கு."

"இருக்கட்டும். பலகைல ரெண்டாவது இடத்துல இருக்குறவன இன்னும் யாரும் எடுக்கல, வாரன். தடுப்பாட்டக்காரன். மலை மாதிரி. நான் சொல்றேன்னு எடுக்காத. என் பேச்சக் கேட்டு ஒரு முழங்கால் வாங்கிட்டோம். பலகை சொல்லுது, எடு."

பேரம் படிந்தது. ஏழாவது முறை ஹெரன்ஸுக்கு வந்துவிட்டது என்று திரை சொன்னதும் அறை துள்ளியது. க்ளைட் ஹார்ட்விக் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்தார். பெயர் சொல்வதற்கான கடிகாரம் ஓடத் தொடங்கியது. பெயரைச் சொல்லும் நேரடி இணைப்பை லொரெட்டா கையில் பிடித்துக்கொண்டு வாரனின் தலையசைப்புக்காக நின்றார். எந்தப் பெயரையும் இன்னும் சொல்லலாம்.

6

முடிவுகள் என்னிடம் இரண்டு இருக்கின்றன.

முதலாவதில், ட்ரே போலிங்கர் இந்த ஊரைத் தோளில் தூக்கிக்கொண்டு கோப்பை வரை ஓடுகிறான். வாரன் டுடெக்குக்கு ஆளைப் பார்க்கும் கண் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. தட்டுக் கதை குழந்தைகளுக்கும் தெரிகிறது.

இரண்டாவதில், ட்ரே இரண்டாம் வருடமே பெஞ்சில் உட்காருகிறான். லொரெட்டா சொன்ன மலை வேறொரு ஊரில் மலையாக நிற்கிறது. வாரன் சாண்டஸ்கியில் படகு விற்கிறார். தட்டுக்கு ஆசைப்பட்டவன் என்று மதுக்கடையில் சிரிக்கிறார்கள்.

இரண்டையும் முழுதாக எழுதி வைத்துப் பார்த்தேன். ஒரு விஷயம் உறுத்தியது. இரண்டிலும் அந்த மாலையில் அதே மனிதர், அதே செய்தியோடு, அதே சுவரோரம் நிற்கிறார். ஆனால் முதல் முடிவைப் படித்தவர்களுக்கு அவர் அறிவாளியாகவும் இரண்டாவதைப் படித்தவர்களுக்கு மூடராகவும் தெரிகிறார். என் கடைசிப் பத்தி பின்னால் போய் அவர் முகத்தை மாற்றிவிடுகிறது. அவர் தொழிலில் எல்லோருக்கும் நடப்பது இதுதான். நானும் அதையே அவருக்குச் செய்ய வேண்டுமா?

ஆகவே இரண்டையும் எடுத்துவிட்டேன்.

7

மிச்சமிருப்பது தொலைபேசி.

பெயரைச் சொல்வதற்கு முன் பையனைக் கூப்பிடுவது வழக்கம். வாரன் கூப்பிட்டார். எடுத்தது ட்ரேயின் அம்மா.

"போலிங்கர் வீடு."

"அம்மா, நான் டொலீடோலேருந்து வாரன் டுடெக். ட்ரே இருக்காரா?"

"ஐயோ, இப்பவா? பத்தாவது முறைக்கு அப்புறம்தான் யாராச்சும் கூப்பிடுவாங்கன்னு சொன்னாங்களே!"

வாரன் கண்ணை மூடித் திறந்தார். காத்திருந்திருந்தால் பன்னிரண்டிலேயே கிடைத்திருப்பானோ? இருக்கலாம். அந்த அம்மாவுக்கும் யாரோ சொன்னதுதானே.

"கொஞ்சம் இருங்க சார். வீடு முழுக்க ஆளு. எங்க நிக்கிறானோ..."

ரிசீவரை எங்கோ வைத்தாள். இரைச்சல், சிரிப்பு, யாரோ திறந்துவிட்ட தண்ணீர்க் குழாய். அதற்கெல்லாம் அடியில் ஒரு சத்தம். பீங்கான்மேல் பீங்கான். மெதுவாக, சீராக, ஒன்றின்மேல் ஒன்றாக.

அறை அவருக்குப் பின்னால் கூச்சலிட்டது. வாரன் சுவர்ப் பக்கம் திரும்பி, மறு காதைப் பொத்திக்கொண்டார். அந்த வீட்டில் கேமரா இல்லை. பார்க்க ஏஜெண்ட் இல்லை. யார் வேண்டுமானாலும் அடுக்கலாம், ஓர் அத்தை, ஒரு பக்கத்து வீட்டுக்காரர், ட்ரே.

"வாரன், நேரம் போகுது" என்றார் லொரெட்டா.

"ட்ரே!" என்று தூரத்தில் அம்மா கத்தினாள். "டேய் ட்ரே! ஃபோன்!"

அவள் கூப்பிட்டதும் அந்தத் தட்டுச் சத்தம் நின்றதா, தொடர்ந்ததா?

நான் மதுக்கடையில் இருந்தேன். எனக்குக் கேட்கவில்லை. உங்கள் காதைக் கொடுங்கள். லொரெட்டா இணைப்பைப் பிடித்துக்கொண்டு உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.