முகத்துக்கு நேரே

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் பிழைப்பு. எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறவர்களை வருடக்கணக்காகத் திட்டி வந்திருக்கிறாள். "கண்ணத் திறங்க! நீங்க மூடிட்டா லாரி காணாமப் போயிடுமா?" அப்படிப்பட்டவளிடம்தான் கராத்தே மாஸ்டர் ஒருநாள் சொன்னாள்:

"அக்கா, அடி வரும்போது கண்ண மூடுறீங்க."

மாஸ்டர் அவளைவிட வயதில் சின்னவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

"நானா? சும்மா சொல்லாதீங்க."

மாஸ்டர் கைபேசியில் எடுத்திருந்த வீடியோவைக் காட்டினாள். எதிராளியின் குத்து கிளம்பியதுமே இமை இறங்கிவிடுகிறது. கை மட்டும் எழுந்து தடுக்கிறது. இடுப்பு வலிக்காகக் கராத்தே வகுப்பில் சேர்ந்தவள் பழுப்பு பெல்ட் வரை வந்திருந்தாள். தடுப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் வேறு.

"கைதான் தடுத்துடுதே. அப்புறம் என்ன?"

"கை பழக்கத்துல தடுக்குது. என்ன வருதுன்னு உங்களுக்குத் தெரியறதில்ல. தெரிஞ்சுக்கப் பிடிக்கலையோ என்னமோ."

மறுவாரத்திலிருந்து பயிற்சி மாறியது. தடுக்கக் கூடாது, நகரக் கூடாது. பார்க்க மட்டும் வேண்டும். உடன் பயிற்சி எடுக்கும் தபால்காரர் எதிரே நின்று, அவள் மூக்கை ஒட்டினாற்போல் குத்தை நிறுத்துவார். முதலில் ஒன்றும் தேறவில்லை. சில வாரங்கள் கழித்து ஒருநாள் அவர் கணக்குத் தப்பி, அவள் உதடு கிழிந்தது. "ஐயையோ மேடம்!" என்று தபால்காரர் பதறினார். அவள் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். முஷ்டி உதட்டுக்கு வந்து சேரும்வரை முழுவதும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை கணவருக்குக் காபி ஊற்றும்போது, பாதிக் கோப்பையில் கை தானாக நின்றது. முழுசாக ஊற்றினால் அவர் சிந்துவார். எப்போதிலிருந்து இப்படிப் பாதியாக ஊற்றுகிறோம் என்று யோசித்தாள். மாதக்கணக்கில் இருக்கும். ஒருநாளும் ஏன் என்று தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

அவர் முடிதிருத்துபவர், கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து கடை வைத்திருக்கிறார்.

"ஏங்க, கைய நீட்டுங்க."

"எதுக்கு? ஜோசியம் பாக்கப் போறியா?"

"நீட்டுங்களேன்."

நீட்டினார். வலது கை நடுங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தன.

"ஷேவிங் எல்லாம் கூட்டாளிகிட்ட விட்டுட்டேன். கண்ணு மங்கலாத் தெரியுதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்," என்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீயும் கேக்கலையே."

சுள்ளென்று கோபம் வந்தது. அன்று முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பயத்தில்தான் பார்க்காமல் இருந்தேன் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். அதுவும் ஒட்டவில்லை. பார்த்தால் ஏதாவது செய்தாக வேண்டும். பார்க்காதவரை காலைப் பொழுது காலைப் பொழுதாகவே போனது. பயமில்லை, சௌகரியம். தன்னைப் பற்றி இப்படியொன்று தெரிந்ததில் அவளுக்குப் பெருமைப்பட ஏதுமில்லை.

டாக்டர் அவரை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க எப்ப கவனிச்சீங்க?"

இப்பத்தான் என்ற சொல் நுனிநாக்கு வரை வந்துவிட்டது.

"ஆறேழு மாசம் இருக்கும் டாக்டர்."

கணவர் திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சேவா இருந்தே?"

"தெரியாத மாதிரி இருந்துட்டேன்."

திரும்பும் வழியில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சிக்னலில் கார் நின்றபோது, "ரெண்டு பேரும் நல்லாத்தான் நடிச்சிருக்கோம்," என்றார். பாராட்டா குற்றச்சாட்டா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

மாத்திரையில் நடுக்கம் ஓரளவு அடங்கியது. முழுதாகப் போகாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். கணவர் கண் மங்கல் கதையை விட்டுவிட்டு, வாடிக்கைக்காரர்களிடம் உள்ளதைச் சொன்னார். மிஷினில் முடி வெட்டுவதோடு நிறுத்திக்கொண்டார். பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் மட்டும், "பட்டா படட்டும், உங்க கையாலதான் ஷேவிங்," என்று நாற்காலியை விட்டு எழ மறுத்தாராம். இவர்தான் முடியாது என்று சொல்லிக் கூட்டாளியை அழைத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து நெடுநேரம் குளித்தார். அவள் கதவைத் தட்டவில்லை. துண்டோடு வெளியே வந்தவர் எதிரே போய் நின்று, "அழுதீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா," என்றார்.