பின்னாடி வரேன்

மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் ஊரில் யாருக்கும் வீட்டில் கால் தங்காது. மலையடிவாரத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஏற ஒரு பாதை, இறங்க ஒரு பாதை என்று கயிறு கட்டிப் பிரித்திருந்தார்கள். முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடியே நகர வேண்டியதுதான். இதற்குப் பெயர் மலையேற்றமாம்.

அந்த வரிசையில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் அவன் மனைவியும் இருந்தார்கள். வேலையிடத்தில் அவனுக்குப் ‘பட்டன்’ என்று பெயர். அமுக்கினால்தான் பேச்சு வரும், அதுவும் ஒற்றைச் சொல். அவளுக்குப் பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை. நாள் முழுக்க ஊர் ஜனம் வாயைப் பிளப்பதைப் பார்த்துவிட்டு, வாயே திறக்காத மனுஷனிடம் திரும்புவது அவள் தலையெழுத்து.

சிரிக்கிற கதை அதோடு முடிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆறு மாதக் கர்ப்பம் கலைந்துபோனது. மறுநாள் காலையில் அவன் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு எங்கோ நின்றுபோன லிஃப்டைப் பார்க்கப் போய்விட்டான். அன்றிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அவளும் கேட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், கடைசியில் பெட்டியைக் கட்டிவிட்டாள். அக்கா வீட்டுக்குப் போனால் போனதுதான்.

“மலைக்கு ஒரே ஒரு தடவை வா. மேல போய் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்று அவன் கெஞ்சினான்.

“சரி, வரேன். கேட்டு மனசு மாறினா வீட்டுக்கு. இல்லன்னா சாயங்காலம் அஞ்சு மணிக்கு அங்கிருந்தே பஸ்” என்றாள். பெட்டி அடிவாரத்துக் கடையொன்றில் காத்திருந்தது.

பாதி மலையில் ஒரு கல் பெஞ்சு. அங்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

“நீங்க போங்க, நான் பின்னாடி வரேன்” என்றாள்.

இந்தப் பாழாய்ப்போன ‘பின்னாடி’ இருக்கிறதே, அதற்கு முதுகுக்குப் பின்னால் என்றும் அர்த்தம், அப்புறம் என்றும் அர்த்தம். அவள் சொன்னது அப்புறம். அவன் காதில் விழுந்தது மற்றது. திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்தப் பழக்கம்தான் அவனுக்குக் கிடையாதே.

முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்றதும் அவனுக்கு நாக்கின் கட்டு அவிழ்ந்தது. உச்சியில் சொல்ல வைத்திருந்ததை நடந்தபடியே சொல்ல ஆரம்பித்தான்.

“அன்னிக்கு நான் எதையும் ரிப்பேர் பண்ணல. மொட்டை மாடி மோட்டார் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க மணி அடிச்சிட்டே இருந்தாங்க. என்னால எந்திரிக்க முடியல. பாப்பாவுக்கு நான் ஒரு பேர் வச்சிருந்தேன். சொன்னா நீ உடைஞ்சிடுவியோன்னு பயந்துட்டேன். தினமும் மனசுக்குள்ள ஒரு தடவை கூப்பிடுறேன்.”

அந்தப் பெயரையும் சொன்னான். “போயிடாத” என்றும் சொன்னான். வாழ்நாளில் அவன் இவ்வளவு பேசியதில்லை.

பின்னால் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பினான். முழங்காலில் பட்டை கட்டிய ஒரு பெரியவர், கண் சிவந்து நின்றிருந்தார்.

“மன்னிச்சுக்கங்க தம்பி. நான் உங்க வீட்டம்மா இல்லன்னு சொல்ல ரெண்டு தடவை வாயைத் திறந்தேன், நீங்க இடமே குடுக்கல. இதை அப்படியே உங்க வீட்டம்மாகிட்ட சொல்லுங்க. ஒரு வார்த்தைகூட விட்டுடாதீங்க.”

கீழே ஓடப் பார்த்தான். காவலாளி கையை நீட்டி மறித்தான். “இது ஏறுற வழி. உச்சிக்குப் போய் அந்தப் பக்கமா இறங்குங்க.” போனுக்கு டவர் இல்லை. வேறு வழியில்லாமல் ஏறினான். உச்சியில் ஊரே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. இவன் எதையும் பார்க்காமல், சறுக்கி விழுந்து, எழுந்து, இறங்குகிற பாதையில் அடிவாரம் வந்து சேர்ந்தான்.

ஐந்துக்குப் பத்து நிமிஷம். அவள் பஸ் பக்கத்தில் பெட்டியோடு நின்றிருந்தாள்.

“திரும்பி வருவீங்கன்னு பெஞ்சுலயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் பெஞ்சுக்குப் பக்கத்துலயே இருந்த குறுக்குவழியில இறங்கிட்டேன்” என்றாள். குரலில் கோபமில்லை. “என்னமோ சொல்லணும்னீங்களே. சொல்லுங்க.”

அவள் முகம் நேர் எதிரே இருந்தது. அவன் வாயைத் திறந்தான். மோட்டார் ரூம், மணி, பெயர் எல்லாம் வரிசையாக ஞாபகத்தில் நின்றன. ஒன்றுகூடத் தொண்டையைத் தாண்டவில்லை. மலைமேல் ஊர்பேர் தெரியாத ஆளிடம் கொட்டியதைக் கட்டிய மனைவியிடம் சொல்லக் கூசியது. சொல்லுடா என்று தன்னையே வைதுகொண்டான்.

“ஒண்ணுமில்ல” என்றான். “மேல ரொம்பக் கூட்டம்.”

அவள் அப்போதும் போகவில்லை. டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்யும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு “சரி” என்று குனிந்து பெட்டியைத் தூக்கினாள்.

“கனமா இருக்கும், குடு” என்று வாங்கி, அவனே பஸ்ஸில் ஏற்றி வைத்தான்.