ரத்தம் வந்தால் விட்டுவிடு

தம்பி வாயைத் திறந்ததுமே அக்கா விளக்கைக் கிட்டே இழுத்தாள்.

அந்தப் பல் ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. முதலில் வாசல் மேஜையில் உட்கார்ந்து பெயர் பதிந்தாள். பிறகு படிப்பை முடித்துக்கொண்டு வந்து, இப்போது பல் சுத்தம் செய்யும் அறை அவளுடையது. நாளுக்குப் பத்து வாயாவது பார்க்கிறவள், கூடப் பிறந்தவன் வாயை மட்டும் பார்த்ததில்லை. அவன் ஆறு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் ஓர் இசைக்குழுவில் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தான். வருடத்துக்கு ஒருமுறை வருவான். சமீபமாக உதட்டை மூடியே சிரித்தான். வயசாகிறது, பெரிய மனுஷனாகிவிட்டான் என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

"நம்ம வீட்டுல ரெண்டு பேருக்கும் பல்லாலதான் சோறு," என்றான் நாற்காலியில் சாய்ந்தபடி.

"ஊரே பல்லாலதான்டா சாப்பிடுது. வாயைத் திற. வலிக்குதா?"

"வலியே இல்லக்கா. அதான் இத்தனை நாள் வரல. ஊதும்போதுதான் முன்பல்லு ரெண்டும் ஆடுது. மேல் ஸ்வரம் நிக்க மாட்டேங்குது."

கோடு போட்ட மெல்லிய கம்பியை எடுத்து ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கினாள். நல்ல ஈறில் இரண்டு கோடு, மூன்று கோடு இறங்கும், அவ்வளவுதான். இவனுக்கு எட்டுக் கோடு இறங்கிற்று. எடுத்த இடமெல்லாம் ரத்தம் கோத்துக்கொண்டு நின்றது.

"ஒழுங்கா தேய்க்கிறியா?"

"ரெண்டு வேளையும். நல்லா அழுத்தி. மாசம் ஒரு பிரஷ் தேயுது."

"அழுத்தக் கூடாதுடா. பிரஷ் இடுக்குல போகாது. இடுக்குக்கு ஃபிளாஸ் நூல் போடறியா?"

"நீ வேலைக்குச் சேர்ந்த புதுசுல போட்டேனே. நீதானே டப்பா வாங்கிக் குடுத்த. ரெண்டாவது நாளே ரத்தம். உனக்குக்கூட போன் பண்ணேன். ரத்தம் வந்தா விட்டுடு, ஈறு கிழியுது, நோண்ட நோண்ட சந்து பெருசாயிடும்னு சொன்ன. அதுக்கப்புறம் தொடவே இல்ல." சொல்பேச்சுக் கேட்ட பிள்ளை மாதிரி சொன்னான்.

அவள் கம்பியைத் தட்டில் வைத்தாள்.

ஞாபகம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். புது வெள்ளைக் கோட்டு. எதிரே ஆறு பேர் காத்திருக்க, தோளுக்கும் காதுக்கும் நடுவே போன். "தெரியலடா, டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்றிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு எத்தனை பேருக்கு நேர்மாறாகச் சொல்லியிருக்கிறாள்! இடுக்கில் அழுக்கு தங்கி ஈறு வீங்கியிருப்பதால்தான் ரத்தம் வருகிறது, அதற்காக விடக் கூடாது, தினமும் மெதுவாகப் போட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் நின்றுவிடும், நிற்காவிட்டால் வந்து காட்டுங்கள். நூலால் சந்து பெரிதாகாது, வீக்கம் வற்றினால் அப்படித் தெரியும். இத்தனையும் சொன்னவளுக்கு, தம்பிக்கு ஒரு போன் போட வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துப் பார்த்தார். "எலும்பு பாதிக்கு மேல கரைஞ்சிருக்கு. மேல முன்பல்லு நாலையும் எடுத்துடணும். கீழே உள்ளதைக் காப்பாத்தப் பார்க்கலாம்."

"பல்லு கட்டி ஊத முடியாதா மேடம்?" என்றாள் அக்கா.

"சிலர் ஊதறாங்க. இவருக்கு அந்த அழுத்தத்தைத் தாங்க எலும்பு இல்லையேம்மா."

ஆஸ்பத்திரிக்குப் பின்பக்கம், ஊழியர்கள் சாப்பிடும் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். யாரோ கழுவிக் கவிழ்த்த டிபன் டப்பாக்களிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"அன்னிக்கு நான் சொன்னது தப்புடா," என்றாள். "ரத்தம் வந்தா விடக் கூடாது. அப்போ எனக்குத் தெரியாது."

"தெரிஞ்ச மாதிரி சொன்னியேக்கா."

"ஆமா."

அவன் ஒரு டப்பாவை நிமிர்த்தி வைத்தான். "கிளாரினெட் வாசிக்கிறவர் ஒருதரம் நூல் போட்டு ரத்தமா துப்பினாரு. எங்கக்கா பல் ஆஸ்பத்திரில இருக்கா, விட்டுடச் சொல்றான்னு நான்தான் சொன்னேன். அவரு அஞ்சு பேருக்குச் சொன்னாரு."

மறு வாரம் நாலு பல்லும் போயிற்று. குழுவில் அவனை விரட்டவில்லை. வாத்திய அறைச் சாவியையும், ஸ்வரத்தாள்களை அடுக்கும் வேலையையும் கொடுத்தார்கள்.

அக்கா ஒருநாள் லீவு போட்டுவிட்டு அவன் ஒத்திகைக் கூடத்துக்குப் போனாள். பையில் பெரிய பிளாஸ்டிக் பல்செட், இருபது நூல் டப்பா. பன்னிரண்டு பேர் முன்னால் நின்று, "என் தம்பி மூலமா உங்களுக்கு ஒரு தப்பான விஷயம் வந்துச்சு. அதைச் சொன்னவ நான்தான்," என்று ஆரம்பித்தாள். ஒரு முழ நீளத்துக்கு நூலை வெட்டி, இரண்டு நடுவிரலிலும் சுற்றிக் காட்டினாள். வெடுக்கென்று இறக்கக் கூடாது, பல்லை அணைத்தாற்போல் வளைத்து, ஈறின் விளிம்புக்குக் கொஞ்சம் கீழேவரை மேலும் கீழுமாக உரச வேண்டும், அடுத்த இடுக்குக்குச் சுத்தமான நூல். பல்குச்சியால் குத்துவது இதற்கு ஈடாகாது.

"வலி இல்லையேம்மா, எதுக்கு?" என்றார் கிளாரினெட்காரர்.

"அவனுக்கும் வலி இல்ல சார்."

டிரம்பெட்டை மடியில் வைத்திருந்த புது ஆள் தலையைக் குனிந்துகொண்டான். தம்பி கடைசி வரிசைக்குப் பின்னால் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவன் தவறாமல் வருகிறான். நூல் போடுகிறான், கீழ்ப்பற்களில் ரத்தம் நின்றுவிட்டது. அக்கா சுத்தம் செய்து முடித்ததும் வாய் கொப்பளித்துவிட்டு அவளிடம் எதுவும் கேட்காமல் எழுந்து, பக்கத்திலுள்ள டாக்டரம்மா அறைக்குப் போகிறான். போன தடவை கதவு திறந்திருந்தது.

"வெந்நீர்ல உப்பு போட்டுக் கொப்பளிக்கலாமா டாக்டர்?" என்று அவன் கேட்டது அவள் காதில் விழுந்தது.

அடுத்த ஆளுக்காக அவள் நாற்காலியைத் துடைத்தாள்.