கரி இல்லாமல் எழுந்த கோடு

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கரிக்காரி என்று பெயர். அவள் அதற்காகக் கோபப்பட்டதில்லை. அவள் வேலையே கரிதான். வண்டிப் புகையிலும் தீய்ந்த ரொட்டியிலும் இருக்கிற கார்பன், விண்மீன்களுக்கு நடுவிலும் இருக்கிறது. தேனடை மாதிரி அறுகோணங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பெரிய பெரிய மூலக்கூறுகளாக மிதக்கிறது. அங்கே போய் அள்ளி வர முடியாது. அதனால் அண்டா அளவு எஃகுக் கலன் ஒன்றில் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த மூலக்கூறுகளைத் தூசிப் படலம் போன்ற பனியில் உறைய வைப்பார்கள். விண்மீன் ஒளிக்குப் பதில் புற ஊதா விளக்கைக் காட்டுவார்கள். உள்ளே என்ன உடைந்தது, என்ன புதிதாக உண்டானது என்பதை ஒரு கருவி எடை போட்டுத் திரையில் கோடுகளாகக் காட்டும்.

"வானத்துக் கரியெல்லாம் இவளுக்குத் தெரியும். அடுப்புல பால் தீயறது மட்டும் தெரியாது" என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

சிரிப்பு நின்றது புதிதாக ஒரு கோடு தெரிந்த பிறகுதான். உயிர்களின் உடலில் இருக்கும் ஒரு சர்க்கரைக்கு என்ன எடையோ, அதே எடையில் எழுந்த கோடு. ஆய்வுத் தலைவர் திரையைப் பார்த்ததும் குழந்தை மாதிரி கை தட்டினார். "விண்வெளிக் கரியிலிருந்து உயிருக்கான பொருள்! இதைவிட என்ன வேணும் உனக்கு?" என்றவர், அன்றே பத்திரிகைக்காரர்களைக் கூட்ட ஏற்பாடு செய்தார்.

அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது. எடை ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றாகிவிடுமா? கரியே போடாமல், வெறும் பனியை மட்டும் உறைய வைத்து விளக்கைப் போட்டுப் பார்த்தாள். அந்தக் கோடு அப்படியே எழுந்தது. பிறகு கலனின் மூடியை இறுக்கும் ரப்பர் வளையத்தைக் கொஞ்சம் சூடாக்கினாள். கோடு விறுவிறுவென்று வளர்ந்தது. சர்க்கரையும் இல்லை, உயிரும் இல்லை. ரப்பரிலிருந்து கசிந்த ஆவி.

தலைவரிடம் ஓடினாள்.

"சார், அந்தக் கோடு கரியிலிருந்து வரல. ரப்பர்ல இருந்து வருது. கூட்டத்த நிறுத்துங்க."

அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எல்லாப் பரிசோதனையிலயும் கொஞ்சம் அழுக்கு இருக்கும்மா. அப்புறமா சரி பண்ணிக்கலாம்."

"கொஞ்சம் அழுக்கு இல்ல சார். முழுக்க அழுக்குதான்."

"கட்டுரையில உன் பேர்தான் முதல்ல இருக்கு, தெரியுமா? உன் வேலை இன்னும் நிரந்தரமாகல, அதுவும் தெரியுமா?"

அவள் வெளியே வந்தாள். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள். பயத்தில் இல்லை. கட்டுரையில் முதல் பேரைக் காட்டித் தன்னை வாங்கிவிடலாம் என்று அந்த மனிதர் நினைத்தாரே, அந்த ஆத்திரத்தில்.

வீட்டில் அவள் கணவன் மருந்துக்கடையை மூடிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காலாவதியான மருந்தை லேபிள் மாத்தி விக்கச் சொன்னா நான் விப்பனா?" என்றான். "வேலை போச்சுன்னா பாத்துக்கலாம். நீ வாயை மூடிட்டு வந்தா அப்புறம் வீட்டுல எங்க உசுரைத்தான் வாங்குவ."

கூட்டத்தில் தலைவர் பெரிய படம் காட்டிப் பேசினார். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு நிருபர் அவள் பக்கம் திரும்பி, "பரிசோதனை செஞ்சது நீங்கதானே? எவ்வளவு உறுதியா சொல்றீங்க?" என்று கேட்டார்.

அவள் எழுந்தாள். "இதுல உறுதியா சொல்ல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. கரியே போடாம பாத்தாலும் இந்தக் கோடு வருது. இது கலனோட ரப்பர்."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவரின் முகம் சுண்டிப் போனது. கூட்டம் பாதியிலேயே கலைந்தது.

அதோடு முடிந்திருந்தால் அவள் கோபமும் அடங்கியிருக்கும். மறுவாரம் கலனை மாட்டிக் கழற்றும் பிட்டர் அண்ணன் அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"வளையத்தைத் தப்பா போட்டது நான்தானாம்மா. விளக்கம் கேட்டிருக்காங்க. வேலைய விட்டு எடுத்துடுவாங்கபோல."

அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. ஆவி கசியாத செம்பு வளையம் வர ஒரு மாதம் ஆகும், அதுவரை பொறுக்கலாம் என்று பிட்டர் அண்ணன் சொன்னபோது அவளும் அங்கேதான் இருந்தாள். "ரப்பரையே போடுய்யா, மாநாடு வருது" என்று அதட்டியவர் தலைவர். இப்போது பழியை மட்டும் தூக்கிக் கீழே இருக்கிறவர் தலையில் வைத்துவிட்டாரே!

"வாங்கண்ணே" என்று அவரை அழைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் அம்மாவின் அறைக்குள் போனாள். அனுமதிகூடக் கேட்கவில்லை.

"மேடம், ரப்பர் போடச் சொன்னது தலைவர். என் ரெண்டு காதால கேட்டேன். பிட்டர் அண்ணனை அனுப்பறதா இருந்தா என்னையும் சேத்து அனுப்புங்க. ஆனா வாசல்ல போய் நின்னு ஏன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

"மிரட்டறீங்களா?"

"இல்ல மேடம். எரியுது."

இயக்குநர் உடனே தலைவரை வரச் சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டு என்ன பேசினார்களோ, பிட்டர் அண்ணனிடம் விளக்கம் கேட்டு வந்த உத்தரவு ரத்தானது. தலைவர் தலைவராகவே இருந்தார். வெளிநாட்டு மாநாட்டுக்கும் போய்வந்தார். அவளை மட்டும் கிடங்குக்குப் பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். இனி யாருக்கும் வேண்டாத அந்தக் கலனும் அவளோடு வந்தது.

செம்பு வளையங்கள் வந்ததும் பிட்டர் அண்ணனே மாட்டிக் கொடுத்தார். அவள் திரும்ப முதலிலிருந்து தொடங்கினாள். சர்க்கரைக் கோடு மறைந்தே போனது. ஆனால் வேறொன்று தெளிவாகத் தெரிந்தது. புற ஊதா ஒளி பட்டதும் மூலக்கூறின் ஓரத்தில் இருக்கும் ஹைட்ரஜன் கழன்றது. அந்த இடத்தில் பனியிலிருந்த ஆக்சிஜன் வந்து ஒட்டியது. நடுவில் இருந்த கார்பன் சட்டகம் அசையவே இல்லை. இத்தனை சுத்தமாக அவள் இதற்குமுன் பார்த்ததில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாள். கரி போடாதபோது திரை வெறுமையாகவே கிடந்தது. அவள் எழுதிய சின்னக் கட்டுரை ஒரு சின்ன ஆய்விதழில் வந்தது. நிருபர் யாரும் வரவில்லை.

ஒருநாள் தாழ்வாரத்தில் தலைவர் எதிரில் வந்தார். "கட்டுரை பாத்தேன். இப்ப சந்தோஷம்தானே?" என்றார் இளக்காரமாக.

"இல்ல சார். பிட்டர் அண்ணன்கிட்ட நீங்க இன்னும் மன்னிப்பு கேக்கல."

அவர் காதில் விழாத மாதிரி நடந்தார். மறுநாளும் எதிரில் வந்தார். அவள் அதையே மறுபடி சொன்னாள். இப்போதெல்லாம் அவர் சுற்றிக்கொண்டு பின்பக்கப் படி வழியாகத்தான் தன் அறைக்குப் போகிறார்.