பச்சையம்மாவின் வாய்

எம்.கே.பி. நகருக்குத் தண்ணீர் லாரி வந்தால் ஹாரனுக்கு முன்னால் பச்சையம்மாவின் வாய்தான் கேட்கும். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக் கஸ்தூரி வரிசைக்குக் குறுக்கே குடத்தை நுழைத்தாள். "தோ பாரு, உன் கொடம் மட்டும் இன்னா பட்டுப் பொடவ கட்டிகினு வந்துகீதா? பின்னால வைய்யி!" என்று ஒரு போடு போட்டாள் பச்சையம்மா. வரிசையே சிரித்தது. கஸ்தூரியும் சிரித்துக்கொண்டே பின்னால் போனாள். அதோடு முடிந்திருக்க வேண்டிய சங்கதி.

மகள் சங்கமித்ரா மாடியிலிருந்து அதைப் படம் பிடித்து ரீல் போட்டுவிட்டாள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, எங்கம்மா பேச்சைப் பாருங்கடா என்கிற பெருமைதான். அந்தப் பாழாய்ப்போன பெருமை ஊரெல்லாம் ஓடிவிட்டது.

சங்கமித்ராவின் கல்லூரியில் யார் தாமதமாக வந்தாலும், "இன்னா மாமு, பட்டுப் பொடவ கட்டிகினு வந்துகீறியா?" பிரியாணி வர நேரமானாலும் அதே. காதலியோடு சண்டை போட்டவன்கூடப் பச்சையம்மாவின் முகத்தை ஸ்டிக்கராக அனுப்பினான். இந்தப் பிள்ளைகளுக்குச் சொந்தமாய்க் கோபப்படவும் சோம்பல். அடுத்தவர் கோபத்தைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். சங்கமித்ரா மட்டும் என்ன ஒழுங்கா? அவளும் சேர்ந்து சிரித்தவள்தான்.

பச்சையம்மாவுக்கு மணலியில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் வேலை. அங்கேயும் பையன்கள் அவள் துடைப்பத்தைப் பார்த்ததும் ராகம் போட்டு அதைப் பாடினார்கள். ஒருநாள் மேனேஜரே, வந்திருந்த விருந்தாளிகள் முன்னால், "எங்க, அதை ஒரு வாட்டி சொல்லிக் காட்டு" என்றார். சொல்லிக் காட்டினாள். வேறென்ன செய்வாள்?

அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாம்மா, ஒரு மாதிரி கீற?" என்றாள் மகள்.

"ஒண்ணும் இல்லம்மா. களைப்பா இருக்கு."

சங்கமித்ராவுக்குப் பகீரென்றது. சீரியலில் பெரிய வீட்டு அம்மாக்கள் பேசுகிற பேச்சல்லவா இது!

அன்று முதல் மகள் எதிரில் அதே பேச்சுதான். "சாப்பிடுறியா?" "பார்த்துப் போயிட்டு வா." சங்கமித்ரா வேண்டுமென்றே பாத்திரம் தேய்க்காமல் போட்டாள், பொழுது சாய்ந்து வீடு திரும்பினாள். திட்டு விழவில்லை. ரீலை அழித்தாள். அழித்து என்ன பிரயோசனம், ஊரார் ஃபோனிலெல்லாம் அது குடியேறிவிட்டதே! அம்மா ஒரு தடவை வாய்விட்டுத் திட்டினால் போதும் என்று ஏங்கிப்போனாள் அந்தப் பெண்.

ஒருநாள் படியேறும்போது வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பழைய குரல் கேட்டது.

"பல்லக் காட்டிகினு நிக்கிறான் அந்த மேனேஜரு. நான் இன்னா கொரங்கா, சொன்னா ஆட்றதுக்கு? பேஜாரா பூட்ச்சி கஸ்தூரி. வேலய உட்டுட்டு வந்துர்லாமான்னு கீது."

சங்கமித்ராவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஃபோனை அணைத்துப் பையின் அடியில் திணித்தாள். வெறுங்கையோடு உள்ளே போனாள்.

பச்சையம்மா எதிரில் உட்கார்ந்திருந்த கஸ்தூரியிடம் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தினாள். முந்தானையைச் சரிசெய்தாள். "வந்துட்டியாம்மா? தண்ணி வேணுமா?"

"திட்டும்மா," என்று காலடியில் உட்கார்ந்து அழுதாள் மகள். "ஒரே ஒரு தபா, எப்பவும் போல திட்டும்மா."

பச்சையம்மா அவள் தலையைத் தடவினாள். மகளின் இரண்டு கைகளையும் பார்த்தாள், பிறகு தோளில் தொங்கிய பையைப் பார்த்தாள்.

"ஃபோன் எங்க இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டாள்.